நீலம்மையின் குப்பாயம்

மணல் ஆலைக் கேன்டீனில் புட்டைக் கடலைக்கறியோடு பிசைந்துகொண்டிருந்தபோது குமாரதாஸின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஒரு தடவையோடு நின்றிருந்தால் சாப்பிட்டு முடித்தே பார்த்திருப்பார். அது விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. இடது கையால் எடுத்துத் திறந்தார். பொம்மை சேகரிப்பவர்கள் குழுவில் தேங்காய்ப்பட்டணத்துச் சுமைரா ஒரு படம் போட்டிருந்தாள். பெங்களூரு கம்பெனியின் அறிவிப்பு, ஆங்கிலத்தில். ‘அன்றைய தோழிகள்’ வரிசைப் பொம்மைகள் இத்துடன் ஓய்வு பெறுகின்றன, இத்தனை காலம் காட்டிய அன்புக்கு நன்றி, புதிய தலைமுறையின் ரசனைக்கேற்ப வேறொன்றோடு கடைகளுக்கு வந்திருக்கிறோம். அந்த வேறொன்றின் படமும் கீழே இருந்தது. ஊதா நிற முடி, இடுப்பில் சலங்கை மாதிரி ஏதோ, நடந்தால் விளக்கு எரியும் செருப்பு.

இன்னொரு தடவை வாசித்தார். அடுத்து வரவேண்டிய நீலம்மையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வருவாள், தாமதமாகும் என்றுகூட இல்லை. ஓய்வு பெறுகிறார்களாம். வேலைக்கே வராதவள் எப்படி ஓய்வு பெறுவாள்?

எதிரே இருந்த ஐயப்பன், இவரோடு அதே மணல் பிரிக்கும் பகுதியில் நெடுங்காலமாக வேலை செய்கிறவர், தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

“என்ன ஓய், முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. ஒரு துஷ்டி சேதி.”

“அய்யோ. ஆராக்கும்?”

“நம்ம பக்கத்துப் பிள்ளதான். சின்னப் பிள்ள.”

சாவுச் சேதி என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஐயப்பன் கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். கை கழுவிவிட்டு அவரே சூப்பர்வைசரிடம் போய்ப் பேசினார். “போயிட்டு வாரும். நான் பாத்துக்கிடுதேன்” என்று தோளைத் தட்டி அனுப்பியும் வைத்தார். ஆலையின் வாசலைத் தாண்டி பைக்கை உதைக்கும்போது குமாரதாஸுக்கு வெட்கமாக இருந்தது. சொன்னது முழுப்பொய் என்றும் தோன்றவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

முதல் பொம்மையை அவர் வாங்கியது மகள் இந்துஜா இரண்டாம் வகுப்பு படிக்கும்போது. ஆலையிலிருந்து ஏதோ பயிற்சிக்கென்று பெங்களூருக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வரும் அன்று பிள்ளைக்கு ஏதாவது வாங்கலாமென்று ஒரு கடைக்குள் ஏறினார். யுத்தகாலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த ஒரு சிறுமி, கையில் தகரப் பெட்டியோடு அலமாரியில் நின்றாள். கால் விரல்களில்கூடச் சேறு தீட்டியிருந்தார்கள். கூடவே அவள் கதை ஒரு குட்டிப் புத்தகமாக, தமிழிலும் இருந்தது. அன்றிரவு ரயிலில் படுக்காமல் அவரே அதை வாசித்து முடித்துவிட்டார். அதன்பிறகு இந்துஜாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒருத்தி வந்தாள். பம்பாய் நூல் ஆலையில் வேலை பார்த்த துளசி, தங்கவயல் சுரங்கத்து ரோஸி, தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வரிசையில் நின்ற சின்னப்பொண்ணு. அப்பாவும் மகளும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைப் பிரிப்பார்கள். இந்துஜா சத்தமாக வாசிப்பாள். “அப்பா, அவ செருப்பு போடாமயா அவ்வளவு தூரம் நடந்தா?” என்று கேட்பாள். இவருக்குத் தெரியாது. இருவரும் படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்ப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் அவள் சொன்னாள்: “இந்த வாட்டி எனக்கு இயர்போன் போதும்ப்பா.” இயர்போன் வாங்கிக் கொடுத்தார். பொம்மையும் வாங்கினார். அன்றைக்கு முதல்முறையாகத் தனியாக உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். ரோஸியின் அரிக்கேன் விளக்கைப்போல இவளுக்கும் ஏதோ கூட இருக்குமே என்ற பரபரப்பு விரல்களில் அப்படியே இருந்தது. அதன்பிறகு பார்சல் கொண்டுவருகிறவன் “மோளுக்கா அண்ணாச்சி?” என்று கேட்கும்போதெல்லாம் “ம்” என்று மட்டும் சொல்வார். மகள் படிப்பு முடிந்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகும் அந்த “ம்” மாறவில்லை.

நீலம்மை வேறு. அடுத்த பொம்மை எந்த ஊர்க்காரியாக இருக்கலாமென்று கம்பெனி ஒரு வாக்கெடுப்பு வைத்தது. குழுவிலிருந்த அத்தனைபேரும் சேர்ந்து நின்று ஜெயிக்கவைத்தது அவளைத்தான். தென் திருவிதாங்கூர், 1858. மாரை மறைத்து மேல்சீலை போட்ட குற்றத்துக்காக, கீழ்சாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்களைச் சந்தையில் மறித்துத் துணியை இழுத்துக் கிழித்த காலம். மாதிரிப் படத்தில் நீலம்மை கருத்து, மெலிந்து, தலையில் ஓலைப்பெட்டியோடு நின்றாள். முழங்கால் வரை முண்டு. கழுத்திலிருந்து இடுப்பு வரை வெள்ளைக் குப்பாயம், முழுக்கையோடு. அவள் போகிற சந்தை இரணியல் சந்தை என்று எழுதியிருந்தார்கள். குமாரதாஸின் வீடு இருப்பது இரணியலில். மற்றப் பொம்மைகளெல்லாம் ரயிலேறியோ கப்பலேறியோ அவர் வீட்டுக்கு வந்தவர்கள். இவள் அவர் தினமும் வேலைக்குப் போகிற ரோட்டில் நடந்தவள். அவர் வீட்டில் அந்தக் காலத்தைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. அவரும் கேட்டதில்லை. படத்தை இந்துஜாவுக்கு அனுப்பியபோது அவள் உடனே கூப்பிட்டாள். “நம்ம ஊருக்காரியாப்பா! வந்தா சொல்லுங்க, லீவு போட்டுட்டு வாறேன். நான்தான் பிரிப்பேன்” என்றாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். இவர் அதை இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தார்.

வீட்டு முற்றத்தில் மனைவி சுபிதா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பைக் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

“என்ன, பாதியில வந்துட்டிய? மேலுக்குச் சொகமில்லியா?”

சொன்னார். அவள் மீன் செதில் ஒட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “பொம்மைக்கா லீவு போட்டிய?” என்று கேட்டுவிட்டு, மறுபடி மீனுக்குக் குனிந்தாள்.

அவர் உள்ளே போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். துளசியை எடுத்து ரோஸிக்குப் பக்கத்தில் வைத்தார். பழையபடி மாற்றினார். கடைசியில் நீலம்மைக்கென்று விட்டிருந்த இடத்தைத் துணியால் துடைத்தார். வெளியே வந்து பைக் சாவியை எடுத்தார், எங்கே போவதென்று தெரியாமல் ஆணியில் திரும்ப மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். போனில் குழு கொதித்துக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து ஒரு பெண் குரல்பதிவில் அழுதாள். ஒரு பேங்க் மேனேஜர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பலாம் என்றார். மார்த்தாண்டத்து ஸ்ரீஜித் ‘இருப்பதை யாரும் விட்டுவிடாதீர்கள், இனிமேல்தான் மதிப்பு’ என்று எழுத, மூன்றுநான்கு பேர் அவனைத் திட்டினார்கள். யாரோ ஊதா முடிக்காரியின் படத்தின்மேல் கரித்துண்டால் கோடு கிழித்ததுபோல் வரைந்து போட்டிருந்தார்கள். அவருக்கும் எதையாவது எழுதவேண்டும்போல் இருந்தது. ‘என்னங்க இது’ என்று தட்டி, அழித்தார்.

“ஒரு எடத்துல இரியுங்க” என்றாள் சுபிதா வாசலிலிருந்து. “அங்கயும் இஞ்சயுமா நடந்து, கண்டாலே எனக்குத் தல சுத்துது. என்ன இவ்வளவு வெப்ராளம்?”

அவர் இந்துஜாவைக் கூப்பிட்டார்.

“நீலம்மை வரமாட்டாளாம் மக்களே.”

“எந்த நீலம்மை?”

அந்தப் பக்கம் யாரோ கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவளே, “ஓ, அந்தப் பொம்மையா? அய்யோ. நிப்பாட்டிட்டானா? போகட்டும்ப்பா, வேற நல்லது வரும். மீட்டிங்ல இருக்கேன், பொறவு கூப்பிடட்டா?” என்றாள். குரலில் பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை.

“செரி மக்களே.”

சுபிதா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். “அவளுக்கு ஓர்மை இல்ல, அதுக்கா?”

“அதில்ல.”

“பின்ன?”

அந்த நேரத்தில் சுமைரா கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று.

சுமைராவை அவர் ஒரே ஒரு தடவை நாகர்கோவில் பொருட்காட்சியில் நேரில் பார்த்திருக்கிறார். முப்பது வயதிருக்கும். கணவன் நௌஷாத் ஷார்ஜாவில். அவள் சேகரிக்கும் பொம்மைகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை, பிரித்தால் போயிற்று என்பாள். மூச்சிரைக்கப் பேசினாள். தக்கலையில் செய்யது அலி என்பவரின் ஃபேன்சி கடையில் நீலம்மையின் மாதிரிப் பொம்மை ஒன்று இருந்ததாம். ஆர்டர் பிடிக்க வந்த கம்பெனி ஆள் காட்டிவிட்டு அங்கேயே விட்டுப்போனதாம்.

“ஒண்ணே ஒண்ணுதான் அண்ணே. நான் வண்டிய எடுத்துப் பாதி வழி வந்தாச்சு. உங்கக்கிட்ட சொல்லாமப் போயிரலாம்னுதான் பாத்தேன். மனசு கேக்கல்ல.”

அவள் முடிப்பதற்குள் இவர் சாவியை எடுத்துவிட்டார். சுபிதா பின்னால் ஏதோ கேட்டாள். ஹெல்மெட்டுக்குள் அது சரியாக விழவில்லை.

தக்கலை ரோட்டில் கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இடுக்கு கிடைத்த இடத்தில் நுழைந்து நுழைந்து போனார். கடைக்கு முன்னால் சுமைரா ஏற்கனவே நின்றிருந்தாள். கறுப்புப் பர்தாவில் ரோட்டுப் புழுதி, விரலில் ஸ்கூட்டர் சாவி சுற்றிக்கொண்டே இருந்தது. கல்லாவில் செய்யது அலி, நரைத்த தாடியும் வெள்ளைத் தொப்பியுமாக, இந்த இருவரின் அவசரத்தைப் புரியாமல் மாறி மாறிப் பார்த்தார்.

“அத குளோரிக்க கொச்சு மோளுக்குக் குடுத்தாச்சே மக்களே. குளோரி இஞ்ச வேல பாக்குத பிள்ள. கம்பெனிக்காரன் எடுக்கவும் வரல்ல. அந்தா, அந்த மேல்தட்டுலதான் இருந்து. எத்தனயோ மாசம். ஒருத்தரும் ஏறிட்டுப் பாக்கல்ல.”

இருவரும் மேல்தட்டைப் பார்த்தார்கள். இப்போது அங்கே பிளாஸ்டிக் பூங்கொத்துகள் இருந்தன. இந்தக் கடை முன்னால் பஸ் நிற்கும். குமாரதாஸ் இங்கே நின்று எத்தனை தடவை டீ குடித்திருக்கிறார். அவள் அந்த உயரத்தில் ஓலைப்பெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

குளோரி இன்றைக்கு லீவு. வீடு மணவாளக்குறிச்சி தாண்டிக் கடற்கரையில். செய்யது அலியே போன் செய்து, ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லி வழியும் கேட்டுத் தந்தார். சுமைரா கடையிலிருந்து ஒரு ஊதா முடிக்காரியை எடுத்துப் பொதியச் சொன்னாள். “கொச்சுக்கிட்ட சும்மா கேக்க முடியுமா? இதக் குடுத்தா அதத் தரும்” என்றாள். வெளியே வந்ததும் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“கிட்டிச்சுன்னா ஆருக்கு அண்ணே?”

“மொதல்ல பாப்போம் மோளே.”

கடற்கரை வரைக்கும் இருவரும் முந்துகிறோம் என்று ஒத்துக்கொள்ளாமலே ஒருவரையொருவர் முந்தினார்கள். அவர் கைமுறுக்கினால் கொஞ்ச தூரத்தில் அவள் ஹாரன் அடித்துக் கடந்தாள். வளைவில் அவர் பிடித்தார். ஆலை வாசலைக் கடக்கும்போது மட்டும் குமாரதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அவர் இப்போது ஒரு சின்னப் பிள்ளையின் சாவு வீட்டில் இருக்கவேண்டியவர்.

நீல வண்ணம் அடித்த சின்ன காங்கிரீட் வீடு. வாசலில் வலை மலைபோல் குவிந்து கிடந்தது. குளோரி ஈரத் தலையோடு ஓடி வந்து, இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். முதலாளி அனுப்பிய ஆட்கள் என்ற பதற்றம் அவள் கையிலும் காலிலும் தெரிந்தது. “கறுப்புக் காப்பி போடட்டா?” என்றவள், விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திச் சிரித்தாள். “அந்தப் பொம்மைக்கா இவ்வளவு தூரம்! ஏட்டி அபிஷா!”

தென்னை மூட்டில் ஒரு சிறுமி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நீலம்மை.

சுமைரா “யா அல்லா” என்றது மூச்சாகத்தான் வந்தது. கொண்டை போட்டிருந்த முடியை யாரோ கத்தரியால் ஒட்ட நறுக்கியிருந்தார்கள். இடது மணிக்கட்டில் பால்பேனாவால் வாட்ச் வரைந்திருந்தது. கன்னத்தில் ஒரு நீலக் கோடு. முண்டு போன இடம் தெரியவில்லை. இடுப்பில் வலைக் கிழிசல் ஒன்று சுற்றியிருந்தது. இடுப்புக்கு மேலே ஒன்றுமே இல்லை.

“அட்டைப் பொட்டியாவது இருக்கா?” என்றாள் சுமைரா.

“பொட்டியில வத்தல்மொளவு போட்டு வச்சிருக்கேன்” என்றாள் குளோரி.

சுமைராவின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று வடிந்து போவதை குமாரதாஸ் பார்த்தார். அவ்வளவு வேகமாக வந்தவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, சாவியை மடியில் வைத்தாள். “எனக்கு வேண்டாம்ண்ணே. நீங்க எடுத்துக்கிடுங்க.”

அவர் சிறுமியின் முன்னால் மண்ணில் குந்தினார். அலமாரியில் துடைத்து வைத்த இடம் நினைவுக்கு வந்தது. முடியை ஒட்டவைக்கலாம். பேனாக் கறையை ஸ்பிரிட்டால் துடைக்கலாம். முகம் அப்படியே இருக்கிறது. படத்தில் பார்த்த அதே பார்வை, யாரையோ நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நடப்பவளின் பார்வை.

“இவளுக்க பேரு என்ன மக்களே?”

“ஸ்டெல்லா சிஸ்டர். ஊசி போடுவா.”

நீலம்மை என்று சொல்ல வாயெடுத்தார். சிறுமி பொம்மையின் கையைப் பிடித்து அவர் முழங்காலில் ஒரு ஊசி போட்டாள். அவர் “ஆ” என்றார்.

“சட்டை ஒண்ணு போட்டிருந்தாளே, வெள்ளையா?”

“அது பூச்சைக்கு. குஞ்சுப் பூச்சைக்குக் குளிருதுன்னு நான் போட்டுக் குடுத்தேன்.”

சுமைரா கொண்டுவந்த பெட்டியை நீட்டினாள். அபிஷா பிரித்தாள். செருப்பில் விளக்கு எரிந்தது. சிறுமியின் வாய் பிளந்தது. ஊதா முடியைத் தடவினாள், மோந்து பார்த்தாள், இன்னொரு தடவை விளக்கை எரியவிட்டாள். குளோரி குனிந்து, “அத மாமாக்கிட்ட குடுத்துரு மக்களே. உனக்குப் புதுசு வந்தாச்சுல்லா” என்றாள்.

“மாட்டேன். ரெண்டும் எனக்காக்கும்.”

“ஏட்டி, குடுன்னு சொன்னேன்!”

குளோரி நீலம்மையின் காலைப் பிடித்து இழுத்தாள். சிறுமி தலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் பொம்மை விறைத்து நீண்டது. இடுப்பிலிருந்த வலைத்துண்டு கழன்று தொங்கியது.

“விடுங்கம்மா!”

அவ்வளவு சத்தம் தன்னிடமிருந்து வருமென்று குமாரதாஸ் நினைக்கவில்லை. குளோரி கையை எடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவருக்குக் காது வரை சுட்டது. ஒரு கொச்சுப் பிள்ளையிடமிருந்து பிடுங்கவா இத்தனை தூரம் வந்தோம் என்றிருந்தது. எழுந்து போய்விடலாம். ஆனால் வெறுங்கையோடு எங்கே போவது? அந்த அலமாரிக்குத்தானே.

“ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிடட்டா மக்களே?” என்றார். “நான் கொண்டுபோகல்ல. போட்டோவ எடுத்துட்டுப் போயிருவேன்.”

அபிஷா யோசித்தாள். பிறகு பொம்மையை நிமிர்த்தி அவர் போனுக்கு நேராகப் பிடித்தாள். பிடித்ததும் என்னவோ தோன்றிச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“சட்டை இல்லாமயா?”

“பரவால்ல மக்களே.”

“சட்டை இல்லாம எடுக்கப்பிடாது” என்றாள் அவள் கண்டிப்பாக. “எல்லாரும் பாப்பாங்கல்லா. நாணக்கேடு.”

சுமைரா அவரைப் பார்ப்பது தெரிந்தது. அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பும் சிவப்புமாக மின்னும் அந்த மண்ணைத்தான் அவர் இத்தனை வருஷமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

“பூச்சை எங்க நிக்கும்?” என்று கேட்டார்.

வலைக் குவியலுக்குப் பின்னால் நின்றது. சாம்பல் நிறத்தில் ஒரு பிடி அளவு பூனைக்குட்டி. முன்கால்கள் இரண்டும் குப்பாயத்தின் கைகளுக்குள். நீளக் கைகளை மிதித்து மிதித்துத் தடுக்கி நடந்துகொண்டிருந்தது. குமாரதாஸ் குனிந்து கை நீட்டியதும் பாய்ந்தது. அவர் வலையைச் சுற்றிப் போனார், அது அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. சுமைரா பர்தாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே மறித்தாள். அது அவள் காலுக்கிடையில் நுழைந்து மணலுக்கு ஓடியது. “அந்தா, அந்தா அண்ணே!” இருவரும் ஓடினார்கள். செருப்பு மணலில் புதைந்து கழன்றது, அவர் எடுக்கவில்லை. கரையில் நிழலுக்கு உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். “ஓய், என்னத்தப் பிடிக்கிய?” என்று ஒருவர் கேட்டார். “பூச்சைக்குக் குப்பாயமாக்கும்!” என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வீட்டு வாசல்களில் ஆட்கள் சேர்ந்தார்கள். குமாரதாஸுக்கு மூச்சு முட்டியது. இத்தனைபேர் பார்க்க அவர் இதுவரை ஓடியதே இல்லை.

குட்டி கரையேற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின்மேல் தாவி, அதன் கூரான முனையில் போய் உட்கார்ந்தது. அழுக்கேறிய வெள்ளைத் துணியில் ஒரு கை கழன்று காற்றில் ஆடியது. அவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஒரு முழங்காலை ஏற்றினார். பலகை வெயிலில் கொதித்தது. “பைய, பைய அண்ணே” என்றாள் கீழே சுமைரா. அவர் கையை முன்னால் நீட்டினார். குட்டி இன்னும் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. அதற்குப் பின்னால் கடல்தான்.

அப்படியே, ஒரு முழங்கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்றபடி, திரும்பிப் பார்த்தார். அபிஷா அவர்கள் பின்னாலேயே வந்திருந்தாள். அலை வந்து திரும்புகிற ஈர மணலில் நின்றாள். ஊதா முடிக்காரி அவள் கையில் இல்லை. கரையில் இருந்தவர்கள் அத்தனைபேரும் இப்போது அவள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பொம்மையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அதன் தோள்கள் இரண்டையும் தன் உள்ளங்கைகளால் மூடிப் பிடித்தபடி, அவர் குப்பாயத்தை எடுத்து வருவதற்காகக் காத்து நின்றாள்.